பழைய .303-க்குத் தோட்டா கட்டும் முன்: எந்த டை, எந்த மருந்து?

அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன ஒரு .303 லீ-என்ஃபீல்ட் ராணுவத் துப்பாக்கி உங்கள் கைக்கு வந்திருக்கிறது, லைசன்ஸும் ஒருவழியாக உங்கள் பெயருக்குக் கிடைத்துவிட்டது, கடையில் ஒரு பெட்டித் தோட்டாவின் விலையைக் கேட்டதும் நாமே கட்டிக்கொண்டால் என்ன என்று தோன்றியிருக்கும். நல்ல யோசனைதான். ஆனால் அடுத்து எல்லோரும் செய்கிற காரியம், நேராகக் கடைக்குப் போய் '.303 டை செட் ஒன்று கொடுங்கள்' என்று கேட்பது. அதை மட்டும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். டை வாங்குவது மூன்றாவதாக வர வேண்டிய வேலை. முதலில் துப்பாக்கியை அளக்க வேண்டும், அப்புறம் அதில் சுட்ட கூட்டைப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் எந்த டை என்ற கேள்வியே வரும்.

நான் டர்பன் பக்கம் இருப்பவன், தென்னாப்பிரிக்காவில் கிடைக்கிற சாமான்களையும் இங்குள்ள சட்டத்தையும் வைத்துத்தான் எழுதுகிறேன். வேறு நாட்டில் இருப்பவர்கள் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொற்களைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழப்பம் வரும். தோட்டா என்றால் முழுசு. அதில் முன்னால் பறந்துபோவது குண்டு, பின்னால் கையில் மிஞ்சும் பித்தளை கூடு. உள்ளே இருக்கிற வெடிமருந்தைத்தான் மருந்து என்கிறேன், அதைப் பற்றவைக்க அடியில் இருக்கிற சின்ன மூடி பிரைமர். கூடு மேலே ஒடுங்கிக் கழுத்தாகிற சரிவு தோள்பட்டை. துப்பாக்கியில் தோட்டா உட்காரும் இடம் சேம்பர், அதைப் பின்னாலிருந்து மூடித் திறப்பது போல்ட். டை என்பது பிரஸ் என்கிற, நெம்புகோல் வைத்த அழுத்தும் கருவியில் திருகி மாட்டும் எஃகு அச்சு, சுட்டதும் விரிந்துபோன கூட்டை மறுபடி அளவுக்குக் கொண்டுவருவதும் புதுக் குண்டைக் கழுத்தில் உட்காரவைப்பதும் அதன் வேலை. எடைகள் எல்லாம் கிரெயினில் வரும். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், கிராமில் சொன்னால் ஒரு கிரெயின் 0.065 கூட இல்லை. உங்கள் தராசு கிராமில் நிற்கிறதா கிரெயினில் நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

சட்ட விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, எந்தத் துப்பாக்கிக்கு உங்களிடம் லைசன்ஸ் இருக்கிறதோ அதற்கான தோட்டாவைத்தான் நீங்கள் வைத்திருக்க முடியும். அர்ப்பணிப்பு வேட்டைக்காரர் அல்லது விளையாட்டு வீரர் என்ற தகுதி இல்லாத சாதாரண லைசன்ஸ்காரர் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா, 2,400 பிரைமருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அப்பாவின் லைசன்ஸ் தானாக மகனுக்கு வராது, தகுதிச் சான்றிதழ் எடுத்து நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். இன்னொரு தப்பெண்ணம் நம்மவர்களிடம் நிறைய இருக்கிறது, 1900-க்கு முந்தையது என்றால் பழம்பொருள், லைசன்ஸ் வேண்டாம் என்று. குழலின் வாய்வழியாக மருந்து இடித்து நிரப்பும் துப்பாக்கிக்குத்தான் அந்தச் சலுகை. பின்புறம் தோட்டா போடும் துப்பாக்கி 1896-இல் செய்ததாக இருந்தாலும் லைசன்ஸ் வேண்டும்.

என் கூடு ஏன் இரண்டாக உடைந்தது

எனக்கு இந்தப் பாடம் எப்படி வந்தது என்பதைச் சொன்னால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். நான் ஆரம்பித்தபோது ஒரு சாதாரண முழுநீள டை செட் வாங்கினேன். கூடவே இருந்த தாளில், டையை, கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை திருகி, அதற்கு மேலும் கால் சுற்று திருகு என்று போட்டிருந்தது. அப்படியே செய்தேன். முதல் இரண்டு முறை ஒரு குறையும் இல்லை. நான்காவது முறை கட்டிய தோட்டாவைச் சுட்டுவிட்டு போல்ட்டை இழுத்தால், கூட்டின் அடிப்பகுதி ஒரு விரல்கட்டை நீளம் மட்டும் வெளியே வந்தது. மீதி முழுக்க சேம்பருக்குள் மாட்டிக்கொண்டது. அந்த நாள் அத்தோடு முடிந்தது.

எனக்குக் கற்றுக்கொடுத்த மாமா, ஜேக்கப்ஸ் பக்கம் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதே பெட்டியிலிருந்து உடையாத ஒரு கூட்டை எடுத்து வைஸில் மாட்டி, அரம்பத்தால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தார். "இங்கே பாரு தம்பி, அடியிலிருந்து கொஞ்சம் மேலே" என்று காட்டினார். விளிம்பிலிருந்து சுமார் கால் அங்குலம் மேலே, உள்பக்கச் சுவரில் நகத்தால் கீறியது மாதிரி ஒரு பள்ளம் வட்டமாக ஓடியது. அந்த இடத்தில் பித்தளை பாதிகூட இல்லை. "நீ சுட்டதால தேயலை, ஒவ்வொரு தடவையும் நீ அதைப் பின்னாலே தள்ளித் தள்ளி வச்சே, அதான்" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் இதுதான். .303 விளிம்புள்ள தோட்டா, அந்த விளிம்புதான் அதைச் சேம்பரில் நிறுத்துகிறது. விளிம்பின் தடிமன் அதிகபட்சம் 0.064 அங்குலம். ஆனால் ராணுவம் அந்த இடத்தில் அனுமதித்த இடைவெளி 0.064-இலிருந்து 0.074 வரை. போதாததற்கு, சேற்றிலும் மணலிலும் கிடந்து வந்த தோட்டாவும் சிக்காமல் உள்ளே போக வேண்டும் என்று சேம்பரின் தோள்பட்டைப் பகுதியை நன்றாகத் தாராளமாக வெட்டிவிட்டார்கள். ஒரு முறை சுட்டு எறிகிற ராணுவத்துக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. நாம்தான் அதே கூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம். சுடும்போது கூட்டின் முன்பகுதி அழுத்தத்தில் சேம்பர் சுவரைக் கவ்விக்கொள்கிறது, அடிப்பகுதி போல்ட்டைத் தொடும்வரை பின்னால் போகிறது, நடுவில் பித்தளை இழுபடுகிறது. லீ-என்ஃபீல்டின் போல்ட் பின்பக்கம் பூட்டிக்கொள்கிற வகை என்பதால் அழுத்தத்தில் அதுவும் மயிரிழை நெகிழ்ந்து கொடுக்கும், அந்த நீளமும் கூட்டின் தலையில்தான் விழும். ஒரு முறை இழுபட்டதோடு நின்றால் பரவாயில்லை. முழுநீள டை தோள்பட்டையைப் பின்னுக்குத் தள்ளித் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோகிறது, அடுத்த முறை சுடும்போது அது மறுபடி முதலிலிருந்து இழுபடுகிறது. மூன்று நான்கு தடவையில் கதை முடிந்துவிடும்.

துப்பாக்கியை அளப்பது

முதல் வேலை, துப்பாக்கியைத் தெரிந்த ஒரு கன்ஸ்மித்திடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸ், அதாவது விளிம்புக்கு விட்டிருக்கிற அந்த இடைவெளி, எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். இதை வீட்டில் ஊகித்துச் செய்யாதீர்கள். லீ-என்ஃபீல்டின் பிந்தைய மாடலான நம்பர் 4-இல் போல்ட்டின் முன்தலை (போல்ட் ஹெட்) 0, 1, 2, 3 என்று எண் போட்டு வரும், எண் கூடினால் நீளம் கூடும், இடைவெளி அதிகமாக இருந்தால் அதை மாற்றிச் சரிசெய்யலாம். பழைய நம்பர் 1 மார்க் 3-இல் அப்படி எண் போட்ட வசதி கிடையாது. குழல், போல்ட், சட்டம் மூன்றிலும் ஒரே எண் அடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். 'யு' எழுத்துக்குள் அம்புக்குறி இருந்தால் அது தென்னாப்பிரிக்க யூனியன் அரசின் சொத்தாக இருந்த துப்பாக்கி. அப்படிப்பட்டது எத்தனை கை மாறி, எத்தனை தடவை பாகம் மாற்றி வந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது குழலின் உள்ளளவு. .303 என்ற பெயரை நம்பக் கூடாது. குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கும், அந்தப் பெயர் பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் மேட்டுப் பகுதியின் அளவு, குண்டின் குறுக்களவு 0.311 அல்லது 0.312 அங்குலம். பழைய குழல்களில், குறிப்பாகப் போர்க்காலத்தில் அவசரத்தில் செய்தவற்றில், பள்ளத்திலிருந்து பள்ளம் 0.313, 0.314, அதற்கு மேலும் இருக்கும். தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி, தூண்டிலில் கட்டுகிற மெத்தென்ற ஈயக் குண்டு. டர்பனில் கடலுக்குத் தூண்டில் போடுகிற ஒருவராவது இல்லாத வீடு குறைவு, பெட்டியைத் திறந்தால் கிடைக்கும். துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்து, போல்ட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, குழலுக்குள் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, குழலைவிடச் சற்றே பெரிய ஈயத்தை முனையில் வைத்து மரச் சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கி, மரக் கோலால் மெதுவாகத் தள்ளி மறுபக்கம் எடுத்துவிடுங்கள். குழலின் அச்சு அதில் பதிந்திருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. என்ஃபீல்ட் குழல்களில் பெரும்பாலானவற்றில் ஐந்து பள்ளம், இடப்பக்கச் சுழற்சி. ஐந்து என்பதால் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே இன்னொரு பள்ளம் வராது, மேடுதான் வரும். சாதாரண காலிப்பரை வைத்து அளந்தால் குறைவாகத்தான் காட்டும். 'வி' வடிவ அடிப்பாகம் உள்ள மைக்ரோமீட்டர் ஏதாவது ஒரு லேத் பட்டறையில் இருக்கும், ஈயத்தை எடுத்துக்கொண்டு அங்கே போய் அளக்கச் சொல்லுங்கள். போர்க்கால நம்பர் 4-இல் இரண்டே பள்ளம் உள்ள குழலும் உண்டு, அதை எந்தக் காலிப்பராலும் அளந்துவிடலாம்.

குழல் கண்ணாடி மாதிரி மின்னுகிறது என்று ஏமாறவும் வேண்டாம். அந்தக் காலத்து கார்டைட் மருந்து மிகச் சூடாக எரியும், சேம்பருக்கு அடுத்த தொண்டைப் பகுதியை அது அரித்துவிடும், முன்னால் பார்த்தால் தெரியாது.

சுட்ட கூட்டைப் பார்ப்பது

இதற்காக ஒரு பெட்டி புதுத் தொழிற்சாலைத் தோட்டா வாங்கிச் சுடுங்கள். பிரிட்டோரியாவின் பி.எம்.பி. .303 கிடைத்தால் எடுங்கள், அதன் கூடு பாக்ஸர் பிரைமர் வகை (அடியில் நடுவே ஒரே துளை), அப்படியே மறுபடி கட்டலாம். முதல் முறை சுடும்போது கூடு முன்னால் தள்ளிப்போய் இழுபடாமல் இருக்க, சிலர் விளிம்புக்கு முன்னால் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்றைப் போட்டுக் கூட்டைப் போல்ட்டோடு ஒட்டி நிறுத்துவார்கள். நானும் செய்கிறேன், புதுக் கூட்டின் முதல் சூட்டுக்கு மட்டும்.

அப்புறம் சுடாத ஒரு தோட்டாவையும் சுட்ட ஒரு கூட்டையும் மேசையில் அருகருகே நிறுத்திப் பாருங்கள். தோள்பட்டை முன்னால் நகர்ந்திருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். அந்த இடம்தான் உங்கள் சேம்பரின் உண்மையான தோள். இனிமேல் இந்தக் கூட்டை விளிம்பு நிறுத்த வேண்டாம், தோள் நிறுத்தட்டும்.

இதனால் வரும் நிபந்தனை ஒன்றுதான். ஒரு துப்பாக்கியில் சுட்ட கூடு அந்தத் துப்பாக்கிக்கே சொந்தம். வீட்டில் இரண்டு .303 இருந்தால் இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி. சுடுதளத்தில் கீழே கிடப்பதைப் பொறுக்கி வந்து கலக்கக் கூடாது.

இப்போது டை

போல்ட் வகைத் துப்பாக்கி, ஒரே சேம்பர், குறிபார்த்துச் சுடுவதற்கு என்றால் கழுத்தை மட்டும் இறுக்குகிற டைதான் என் முதல் தேர்வு. லீ கம்பெனியின் காலட் டை அப்படிப்பட்டது. கழுத்தைச் சுற்றி விரல்கள் மாதிரி பிடித்து நடுவிலுள்ள ஊசியின் மேல் அழுத்தும், மெழுகோ எண்ணெயோ பூச வேண்டாம், கழுத்து இழுபடுவதும் குறைவு. பிரஸ்ஸில் அதற்குக் கொஞ்சம் அழுத்தம் தேவை, ஒரு கூட்டை அழுத்திவிட்டுச் சிறிது திருப்பி இன்னொரு முறை அழுத்தினால் கழுத்து வட்டமாக வரும்.

ஐந்தாறு முறைக்குப் பிறகு கூடு சேம்பருக்குள் இறுக ஆரம்பிக்கும், போல்ட்டை மூடக் கொஞ்சம் பலம் வேண்டியிருக்கும். அப்போது முழுநீள டை தேவைப்படும், ஆனால் தாளில் எழுதியிருக்கிறபடி இல்லை. சுட்ட கூட்டின் கழுத்திலும் தோளிலும் மார்க்கர் பேனாவால் கறுப்பாகப் பூசுங்கள். டையை மேலேயே நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் எட்டில் ஒரு சுற்று கீழே இறக்கி, கூட்டை உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். மை தோளின் ஓரத்தில் உரச ஆரம்பித்து, போல்ட் லேசான ஒரு உரசலோடு மூடினால் அங்கேயே பூட்டு வளையத்தை இறுக்கிவிடுங்கள். ஏற்கெனவே முழுநீள டை செட் வாங்கிவிட்டவர்கள் புதிதாகச் செலவு செய்யத் தேவையில்லை, அதையே இப்படி வைத்துக்கொண்டால் போதும். இந்த டைக்குக் கூட்டில் மெழுகு பூசுவது கட்டாயம், மறந்தால் கூடு டையில் சிக்கி விளிம்பு கிழிந்துவிடும்.

டையின் உள்ளே கழுத்தை விரிக்கிற உருண்டை ஒன்று இருக்கும், அதையும் கழற்றி அளந்து பாருங்கள். அது குண்டைவிட சுமார் 0.002 அங்குலம் சிறிதாக இருந்தால் சரி. நீங்கள் 0.314 ஈயக் குண்டு போடப்போகிறீர்கள் என்றால் அந்த உருண்டை சின்னது, கழுத்து ஈயத்தைச் சீவிவிடும். அதற்கு லைமன் கம்பெனியின் எம் டை மாதிரி கழுத்தின் வாயைச் சற்று மலர்த்துகிற டை ஒன்று கூடுதலாக வேண்டும். குண்டை உட்காரவைக்கிற டை எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்மால் பேஸ் டை என்று ஒன்று விற்பார்கள், அது தானியங்கித் துப்பாக்கிகளுக்கானது, தாராளமான என்ஃபீல்ட் சேம்பருக்கு அது நேர் எதிரி.

கூட்டின் நீளத்தையும் ஒவ்வொரு தடவையும் பாருங்கள். .303 கூடு 2.222 அங்குலத்தைத் தாண்டினால் சீவ வேண்டும், 2.212-க்குக் கொண்டுவந்தால் சில தடவைக்குக் கவலை இல்லை. பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி நுனியைக் கொக்கி மாதிரி வளைத்து, கூட்டுக்குள் விட்டு அடிச்சுவரில் மேலும் கீழும் தடவுங்கள். கால் அங்குல உயரத்தில் நுனி எங்காவது தடுக்கினால், வெளியே அந்த இடத்தில் பளபளப்பான வளையம் தெரிந்தால், அந்தக் கூட்டைப் பிளையரால் நசுக்கிக் குப்பையில் போடுங்கள்.

பழைய ராணுவக் கூடு வேண்டாம்

யாராவது ஒரு டப்பா நிறைய பழைய ராணுவத் தோட்டாவைக் கொடுத்தால் ஆசைப்படாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை பெர்டான் பிரைமர் வகை, கூட்டின் அடியில் நடுவே ஒரு முளையும் பக்கத்தில் இரண்டு சிறு துளையும் இருக்கும். நம் டையின் ஊசி அந்த முளையில் மோதி உடையும். பாக்ஸரில் நடுவே ஒரே துளை, டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் தெரிந்துவிடும். பழைய பிரைமர்களில் பாதரசம் கலந்தவை பித்தளையை உள்ளேயிருந்து நொறுங்கவைக்கும், குளோரேட் கலந்தவை குழலில் உப்புப் படியவைத்துத் துருப்பிடிக்கச் செய்யும். அப்படிப்பட்ட தோட்டாவைச் சுட்டுவிட்டால் அன்றைக்கே குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவிக் காயவைத்து எண்ணெய் விடுங்கள், வெறும் எண்ணெய் உப்பைக் கரைக்காது. பழைய தோட்டாவைப் பிரித்து அதன் மருந்தை வேறு கூட்டில் போடுவது ஒருபோதும் செய்யக் கூடாத காரியம்.

குண்டு

சியரா 0.311, ஹார்னடி 0.312 என்று .303-க்கான குண்டு வரும். குழல் 0.312-க்குள் இருந்தால் இரண்டும் சரி. 0.313 என்றால் 0.312-ஐ எடுங்கள், அதுவும் அடிப்பாகம் தட்டையானதாக. தொண்டை அரித்த குழலில் படகு மாதிரி அடி ஒடுங்கிய குண்டைவிடத் தட்டை அடிக் குண்டு நன்றாகப் பள்ளத்தைப் பிடிக்கிறது என்பது என் அனுபவம். ராணுவத்தின் அசல் மார்க் 7 தோட்டாவின் குண்டும் தட்டை அடிதான், 174 கிரெயின். 0.314-ஐத் தாண்டிய குழலுக்கு வார்த்த ஈயக் குண்டுதான் வழி, குழலின் பள்ள அளவைவிட ஒன்று அல்லது இரண்டு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பெரிதாக.

.308 குண்டு எங்கும் கிடைக்கிறது, விலையும் குறைவு, பெயரில் எண்ணும் பெரிதாக இருக்கிறது என்று அதை வாங்குகிறவர்கள் உண்டு. அதன் குறுக்களவு 0.308 அங்குலம்தான். .303 குழலில் அது பள்ளத்தைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும், இலக்குத் தாளில் பக்கவாட்டில் விழுந்து சாவித்துளை மாதிரி ஓட்டை போடும்.

மருந்து

நான் இங்கே எத்தனை கிரெயின் என்று ஓர் எண்ணைக்கூட எழுதப் போவதில்லை. உங்கள் கையில் இருக்கிற மருந்து டப்பா, குண்டு, கூடு, பிரைமர் நான்கும் சேர்ந்ததுதான் அந்த எண், அதை மருந்து செய்த கம்பெனியின் அச்சிட்ட அட்டவணையிலிருந்துதான் எடுக்க வேண்டும். நண்பர் சொன்னார், கடைக்காரர் சொன்னார், எங்கோ படித்தேன் என்பதெல்லாம் கணக்கில் வராது.

நம் நாட்டு மருந்து என்றால் சோம்கெம்தான். .303-க்கு நடுத்தர வேகத்தில் எரிகிற மருந்து பொருந்தும், எஸ்335-ஐப் பலர் பயன்படுத்துகிறார்கள். எஸ்365 அதைவிட மெதுவாக எரிவது. எண் ஒன்றாக இருக்கிறது என்று வேறு கம்பெனியின் அட்டவணையைப் பார்க்கவே கூடாது. அமெரிக்காவில் ஐ.எம்.ஆர். 4350, ஹாட்ஜ்டன் 4350 என்று இரண்டு இருக்கின்றன, எண் ஒன்றே, மருந்து வேறு.

எதை நோக்கிக் கட்ட வேண்டும்? அசல் மார்க் 7 தோட்டா 174 கிரெயின் குண்டை விநாடிக்கு 2,440 அடி வேகத்தில், அதாவது 744 மீட்டரில் அனுப்பியது. உங்கள் துப்பாக்கியின் பின்பார்வையில், அதாவது குறிபார்க்கும் பின்பாகத்தில், கீறியிருக்கிற தூர அளவுகள் எல்லாம் அந்த வேகத்துக்கானவை. அதற்கு மேல் போனால் பார்வையும் ஒத்துவராது, கூடும் சீக்கிரம் போகும், குண்டு மட்டும் கொஞ்சம் வேகமாகப் போகும். போயர் போர்க் காலத்து நீளக் குழல் லீ-மெட்ஃபோர்ட், லீ-என்ஃபீல்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு, அவற்றின் பார்வை 215 கிரெயின் மொட்டைமுனைக் குண்டுக்காகக் கீறப்பட்டது. சர்வதேச அளவில் .303-க்கு ஐரோப்பாவின் சி.ஐ.பி. என்ற தர அமைப்பு வைத்த அழுத்த வரம்பு 3,650 பார். இன்றைய .308 அதைவிட வெகு உயரத்தில் வேலை செய்வது. இரண்டையும் ஒரே மாதிரி நினைத்து ஏற்றாதீர்கள்.

அட்டவணையின் ஆரம்ப அளவில் தொடங்குங்கள், உச்ச அளவிலிருந்து பத்து சதவீதம் குறைவு என்பது வழக்கம். ஐந்து தோட்டா கட்டுங்கள், அரை கிரெயின் கூட்டி இன்னொரு ஐந்து, அப்படியே ஒரு மூன்று நான்கு படி. ஒரு படியில் தாளில் விழும் ஓட்டைகளின் குழுமம் சுருங்கி, வேகம் 2,300-க்கும் 2,440-க்கும் நடுவில் எங்காவது இருந்தால் நான் அங்கேயே நின்றுவிடுவேன். ஆரம்ப அளவுக்கும் கீழே உங்கள் இஷ்டத்துக்குக் குறைக்கவும் கூடாது. மெதுவாக எரியும் மருந்தைப் பாதிக் கூட்டில் போட்டால் அழுத்தம் எதிர்பாராமல் எகிறிய சம்பவங்கள் உண்டு. மென்மையான தோட்டா வேண்டுமென்றால் அதற்கென்றே அச்சிட்ட அட்டவணை இருக்கிறது, பெரும்பாலும் ஈயக் குண்டுக்கு.

மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் திறந்திருக்க வேண்டும். கூடுகளைத் தட்டில் வரிசையாக நிறுத்தி, மருந்து போட்ட பிறகு, குண்டு வைக்கும் முன், டார்ச் அடித்து ஒவ்வொன்றிலும் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஈயக் குண்டுக்கான வேக மருந்து கூட்டில் கொஞ்ச இடம்தான் பிடிக்கும், இரண்டு மடங்கு விழுந்தாலும் வெளியே வழியாது, கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

7×57 வைத்திருப்பவர்களுக்கு

போயர் போரில் நேட்டாலில் .303-க்கு எதிரே நின்றது, போயர்களின் கையிலிருந்த, 7×57 தோட்டா போடும் மவுசர் துப்பாக்கி. 1899 டிசம்பரில் கொலென்ஸோவிலும் 1900 ஜனவரியில் ஸ்பியன் கொப்பிலும், காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையினர் சுமார் 1,100 பேர், அவர்களில் 800 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், இந்த இரண்டு தோட்டாக்களுக்கும் நடுவே டோலி தூக்கி நடந்தார்கள். மதராஸிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர்களும் அதில் இருந்தார்கள். எனக்கு இந்தப் பழைய துப்பாக்கிகளின் மேல் இருக்கிற அக்கறைக்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, 7×57 விளிம்பில்லாத தோட்டா, தோள்தான் அதை நிறுத்துவது, ஆகவே டையை அமைக்கிற முறை மேலே சொன்ன மார்க்கர் முறையேதான். குண்டு 0.284 அங்குலம். போயர்கள் வைத்திருந்த 1895, 1896 மாடல் மவுசர்களின் தொண்டை நீளமானது, 173 கிரெயின் மொட்டைமுனைக் குண்டுக்காக வெட்டியது. 120, 140 கிரெயின் போன்ற குட்டைக் குண்டு அந்த நீளத்தைத் தாவிப் பள்ளத்தைப் பிடிக்க வேண்டும், சில துப்பாக்கி அதை ஏற்கும், பல ஏற்காது. 160-க்கு மேல் தொடங்குங்கள். முக்கியமானது, இந்த மாடல்கள் 1898 மவுசருக்கு முந்தையவை, மூன்றாவது பூட்டுப் பல் கிடையாது, கூடு கிழிந்தால் வாயுவை வெளியேற்றும் வசதியும் குறைவு. அட்டவணையில் நவீன 7×57-க்கென்று தனியாக உச்ச அளவு போட்டிருந்தால் அது உங்களுக்கு இல்லை.

ஜெர்மன் 8 மி.மீ. யாரிடமாவது இருந்தால் டை, மருந்து எல்லாவற்றுக்கும் முன்னால் குழலை அளந்தே ஆக வேண்டும். 1888 மாடலின் பழைய குண்டு 0.318 அங்குலம், 1905-க்குப் பிந்தையது 0.323. சின்னக் குழலில் பெரிய குண்டு போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இசண்டல்வானா போர்க் காலத்து மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்குக் கரும்மருந்து மட்டும்தான், அது தனி வித்தை, இந்தக் கட்டுரைக்குள் அடங்காது.

டர்பன் காற்றும் வெயிலும்

கடலோர ஈரம் டையைத் தின்றுவிடும். ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் துணியில் எண்ணெய் தொட்டு உள்ளும் புறமும் துடைத்து வையுங்கள். அடுத்த தடவை கட்டும் முன் அந்த எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள், எண்ணெய் பட்ட பிரைமர் செத்துவிடும். கூட்டில் எண்ணெய் இருந்தால் அது சேம்பர் சுவரைக் கவ்வாது, அடி முழுக்கப் போல்ட்டில் விழும். மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே இறுக மூடி, வெயில் படாத, சூடு ஏறாத இடத்தில் வையுங்கள். காமாட்சி விளக்கு எரிகிற அறையிலும் அடுப்படியிலும் கீஸர் பக்கத்திலும் வைக்கவே கூடாது. காரின் பின்பெட்டியில் விட்டுப்போவதும் அதே தப்பு.

வெயில் தோட்டாவையும் மாற்றும். ஜூலை மாதம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் காலைக் குளிரில் அழகாக நடந்துகொண்ட அளவு, பிப்ரவரி மத்தியானத்தில் மேசை மேல் வெயிலில் கிடந்த பிறகு அழுத்தம் கூடிப்போகும். உச்சத்தை ஒட்டிக் கட்டுகிறவர்களுக்குத்தான் இது ஆபத்து, அதனால்தான் அளவைக் கோடைக்காலத்தில் பரிசோதித்து முடிவு செய்யச் சொல்கிறேன்.

சுடுதளத்தில்

கண்ணாடியும் காது மூடியும் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். முதல் ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுடுங்கள், ஒவ்வொரு கூட்டையும் எடுத்துப் பாருங்கள். போல்ட்டைத் தூக்கக் கஷ்டமாக இருந்தால், பிரைமர் அப்பளமாகத் தட்டையாகியிருந்தால், அந்தப் படியோடு நிறுத்திவிட்டு மேலே உள்ள படிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துவிடுங்கள். பிரைமர் லேசாக வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால் புதியவர்கள் அழுத்தம் அதிகம் என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் அது நேர் எதிர், அழுத்தம் குறைவு, ஹெட்ஸ்பேஸ் அதிகம், அடிப்பகுதி பின்னால் வந்து பிரைமரை உள்ளே தள்ளவில்லை என்று பொருள். அப்போது மருந்தைக் கூட்டி அதை மறைக்காதீர்கள், டையை மேலே ஏற்றுங்கள். சத்தம் புஸ் என்று வந்தாலோ உதை குறைவாக இருந்தாலோ அடுத்த தோட்டாவைத் தொடாதீர்கள், போல்ட்டைக் கழற்றிக் குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் எதுவும். குண்டு நடுவில் நின்றிருக்கும்.

ஈயத்தைத் தொட்ட கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரியுங்கள்.

ஒவ்வொரு பெட்டியின் மேலும் சீட்டு ஒட்டுங்கள். எந்தத் துப்பாக்கி, கூடு யார் செய்தது, எத்தனையாவது முறை, குண்டு, மருந்தின் பெயரும் டப்பாவிலுள்ள லாட் எண்ணும், எத்தனை கிரெயின், கட்டிய தேதி. என் அலமாரியில் 'அப்பா .303' என்று எழுதிய ஒரு பெட்டியில் ஐம்பது கூடு இருக்கிறது. முன்பு நான்காம் முறையில் உடைந்துகொண்டிருந்த அதே பி.எம்.பி. பித்தளைதான், இப்போது ஒன்பதாம் முறைக்குக் காத்திருக்கிறது. போன வாரம் ஐம்பதிலும் பேப்பர் கிளிப்பை விட்டுப் பார்த்தேன், ஒன்றில்கூட நுனி தடுக்கவில்லை.